ஒன்றுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மூன்று வரை: ரிங்கிட்டும் சிங்கப்பூர் வெள்ளியும்

"அண்ணே, வெள்ளி இன்னும் ஏறுமா? இப்ப மாத்திடலாமா, கொஞ்சம் பாக்கலாமா?"

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் எவரிடமும் இந்தக் கேள்வி இருக்கும். 1990களின் தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நானும் மூத்தவர்களிடம் இதைத்தான் கேட்டேன். இப்போது இளையவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஏறுமா இறங்குமா என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு நாணயங்களும் கடந்து வந்த பாதையைத் தெரிந்துகொண்டவர்கள், அதே கேள்வியை வேறு மாதிரி கேட்கிறார்கள்: எனக்கு அடுத்த ஐந்து வருடச் செலவு எந்த நாட்டுப் பணத்தில் இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் முதல் கேள்வியின் பாரம் பாதி குறைந்துவிடும். அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். குழப்பம் வராமலிருக்க, இங்கே வெள்ளி என்றால் சிங்கப்பூர் வெள்ளி. மலேசியப் பணத்தை ரிங்கிட் என்றே சொல்கிறேன்.

இரண்டும் ஒருகாலத்தில் ஒரே பணம். 1906இல், அப்போது இங்கே புழங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் டாலரை பிரிட்டிஷ் பவுண்டோடு பிணைத்தார்கள். ஒரு டாலருக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ். பிறகு அது மலாயா டாலர் ஆனது, மலாயா மற்றும் பிரிட்டிஷ் போர்னியோ டாலர் ஆனது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை விட்டுவிட்டால், அந்தப் பிணைப்பு அறுபது ஆண்டுகள் அப்படியே இருந்தது. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த பிறகும் நோட்டு மட்டும் பிரியவில்லை. பொது நாணயத்தைத் தொடரலாமா என்று இரு அரசுகளும் பேசிப் பார்த்தன. கையிருப்பு யார் பெயரில், யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதில் ஒத்துவரவில்லை. 1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நாணயத்தை வெளியிட்டன. மூன்றுக்கும் ஒரே தங்க மதிப்பு. ஒரு நாட்டு நோட்டை இன்னொரு நாட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம்.

அந்த வருடம் நவம்பரில் நடந்ததை இன்றைய பிள்ளைகள் பெரும்பாலும் கேள்விப்பட்டதில்லை. எனக்கு இந்த வரலாற்றிலேயே மனதைத் தொடும் பகுதி அதுதான். புதிய நோட்டுகள் வந்த பிறகும் பழைய மலாயா, போர்னியோ நோட்டுகள் கடைகளில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்றுதான் சனங்கள் நம்பினார்கள். நவம்பர் 18 அன்று பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40க்கு இறக்கியது. புதிய நாணயங்கள் தங்க மதிப்பில் நிர்ணயிக்கப்பட்டிருந்ததால் அவை அசையவில்லை. பழைய நோட்டோ பவுண்டோடு கட்டப்பட்டது; அதுவும் கூடவே இறங்கியது. ஒரு பழைய டாலருக்கு இனிமேல் புதிய பணத்தில் 85 காசுதான் என்று அறிவித்தார்கள்.

வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. வீட்டில், பெட்டியில், முந்தானை முடிச்சில் பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்த தோட்டத் தொழிலாளிக்கும் சிறு வியாபாரிக்கும் நூற்றுக்குப் பதினைந்து ஒரே நாளில் போனது. பினாங்கில் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தார்கள்; அது கலவரமாகி உயிர்களும் போயின. நாணயங்களைப் பற்றி யார் பேசினாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. இரண்டு பணம் சமம் என்று சொல்லப்படும்போது, அந்தச் சமத்துக்கு எது ஆதாரம், அதை யார் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்க வேண்டும். மதிப்பு குறையும்போது அடி முதலில் விழுவது கையில் ரொக்கமாக வைத்திருப்பவர் மீது.

சமமாக ஓடிய ஏற்பாடு ஆறு வருடம்கூட நீடிக்கவில்லை. 1973 மே 8 அன்று மலேசியா விலகுவதாக அறிவித்தது. அடுத்த மாதமே இரு நாணயங்களும், விலையைச் சந்தையே தீர்மானிக்கும்படி, அமெரிக்க டாலருக்கு எதிராக மிதக்க விடப்பட்டன. சிங்கப்பூரும் புருணையும் மட்டும் பழைய ஏற்பாட்டைத் தொடர்ந்தன. இன்றும் புருணை டாலர் சிங்கப்பூரில் ஒன்றுக்கு ஒன்று செல்லும். என் அப்பா அப்போது ஜொகூரில் கூலாய் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்தார். அதுவரை தோட்டக் கடையில் எந்த நாட்டு நோட்டை நீட்டினாலும் கடைக்காரர் வாங்கிப் போட்டுக்கொள்வாராம். அதற்குப் பிறகு நோட்டைத் திருப்பிப் பார்த்து, "இது நம்ம காசா, சிங்கப்பூர் காசா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லுவார்.

பிரிந்த கையோடு வெள்ளி எகிறிவிடவில்லை. 1980இல்கூட ஒரு வெள்ளிக்கு ஒரு ரிங்கிட்டும் சில காசும்தான். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வளர்ந்தது. 1990இல் ஏறக்குறைய ஒன்றரை ரிங்கிட். 1997 நடுவில் 1.75.

இதற்குக் காரணம் கேட்டால் "மலேசியா விழுந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதை. 1981 முதல் சிங்கப்பூர் நாணய ஆணையம் ஒரு வித்தியாசமான வழியில் போகிறது. பெரும்பாலான நாடுகளின் மத்திய வங்கிகள் வட்டியை ஏற்றி இறக்கி விலைவாசியைக் கட்டுப்படுத்தப் பார்க்கும். சிங்கப்பூரோ வெள்ளியின் மதிப்பையே கருவியாக வைத்துக்கொண்டது. அரிசியிலிருந்து எரிபொருள் வரை இறக்குமதி செய்யும் சிறிய நாட்டில், வெளிநாட்டுப் பணத்துக்கு எதிராக வெள்ளி வலுத்தால் சாமான் விலை ஏறாது. அதனால் வணிகக் கூட்டாளி நாடுகளின் நாணயங்களை ஒரு தொகுப்பாக வைத்து, அதற்கு எதிராக வெள்ளியை ஒரு வரம்புக்குள் மெல்ல மெல்ல மேலே விடுகிறார்கள். வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை முன்பு அரையாண்டுக்கு ஒருமுறை அறிவித்தார்கள். 2024 முதல் காலாண்டுக்கு ஒருமுறை. மக்களின் சேமிப்பும் அங்கே பெரிது. 1984இல் மத்திய சேமநிதிக்கு முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கட்டியது சம்பளத்தில் 50 விழுக்காடு.

மலேசியாவின் நிலைமை வேறு. செம்பனை எண்ணெய், ரப்பர், வெள்ளீயம், பெட்ரோலியம் என்று ஏற்றுமதி செய்யும் நாடு. 1985 வாக்கில் இந்தச் சரக்குகளின் விலை சரிந்தபோது ரிங்கிட்டும் சேர்ந்து இறங்கியது. அத்தகைய நாட்டுக்கு நாணயம் மிகவும் வலுத்தால் ஏற்றுமதியாளருக்குக் கஷ்டம். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கையில் இருக்கும் முதன்மைக் கருவி வட்டி. ஒரு நாடு திட்டமிட்டே தன் நாணயத்தை மேலே நகர்த்துகிறது. இன்னொன்றுக்கு அப்படி ஒரு குறிக்கோளே கிடையாது. நீண்ட காலக் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதற்கு இது பெரிய காரணம்.

இங்கேதான் எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு பழக்கம் வருகிறது. ரிங்கிட்–வெள்ளி வரைபடத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதோடு அமெரிக்க டாலருக்கு எத்தனை ரிங்கிட், அமெரிக்க டாலருக்கு எத்தனை வெள்ளி என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நம் விகிதம் வரும். 1997 நடுவில் டாலருக்கு 2.50 ரிங்கிட், 1.43 வெள்ளி, வகுத்தால் 1.75. அடுத்த முறை விகிதம் மாறும்போது இரண்டில் எது அசைந்தது என்று பார்த்தால், நடப்பது மலேசியாவின் பிரச்சினையா, சிங்கப்பூரின் கொள்கையா, அமெரிக்க வட்டியா என்று ஓரளவு புரிந்துவிடும். தொலைபேசியிலேயே முடிகிற வேலை.

1997, 98இல் நான் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலையில் இருந்தேன். ஜூலையில் தாய்லாந்தின் பாட் விழுந்தது, பின்னாலேயே ரிங்கிட். 1998 ஜனவரியில் ஒரு அமெரிக்க டாலர் 4.88 ரிங்கிட் வரை போனது. வெள்ளியும் அப்போது டாலருக்கு 1.80 அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனாலும் ஒரு வெள்ளி 2.70 ரிங்கிட்டைத் தொட்டது. ஆறே மாதத்தில் 1.75இலிருந்து 2.70. எங்கள் லைனில் வேலை பார்த்த மலேசியர்களுக்குச் சம்பளம் பாதிக்கு மேல் கூடிய மாதிரி இருந்தது. அதே நேரத்தில் ஊரில் தம்பிக்கு வேலை போனது, மச்சானின் குத்தகை வேலை நின்றது என்ற செய்திகளும் வந்தன. கூடுதலாக வந்த பணம் கையில் நிற்கவே இல்லை. குடும்பத்தில் வேலை இழந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மாற்று விகிதம் நமக்குச் சாதகமாகப் பெரிதாக ஓடும் காலம், பெரும்பாலும் ஊரில் இருப்பவர்களுக்குக் கெட்ட காலமாகத்தான் இருக்கும். அந்த உபரியைப் புது மோட்டாருக்கும் புது வீட்டுக்கும் ஒதுக்கும் முன்பு குடும்பத்தின் அவசரத்துக்கு என்று ஒரு பங்கை எடுத்து வைப்பதை அப்போதுதான் பழகினேன்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் ரிங்கிட்டை வாங்கி விற்கும் பெரிய சந்தை இருந்தது. ரிங்கிட் வைப்புத்தொகைக்கு அங்கே மலேசியாவைவிட மிக அதிக வட்டி கொடுத்தார்கள். பலர் ஆசைப்பட்டுப் போட்டார்கள். 1998 செப்டம்பர் தொடக்கத்தில் மலேசிய அரசு கதவைச் சாத்தியது. ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தினார்கள். நாட்டுக்கு வெளியே இருக்கும் ரிங்கிட்டை ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். பயணிகள் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ரொக்கம் கொண்டுபோகவோ கொண்டுவரவோ கூடாது என்றார்கள். 500, 1000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலை முதல் செல்லாதவை ஆயின. கடற்பாலத்தில் பேருந்துக்கு வரிசையில் நிற்கும்போது இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. சாதாரண நாளில் தெரியாது. நெருக்கடி வந்தால் உங்கள் பணம் எந்த நாட்டின் சட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பது அதன் விலையைவிட முக்கியமாகிவிடும். வழக்கத்துக்கு மாறாக ஓர் இடத்தில் வட்டி கூடக் கொடுத்தால், கொடுப்பவர் எந்த ஆபத்துக்காக அந்தக் கூடுதலைத் தருகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தைப் போட வேண்டும். ரிங்கிட்டை நாட்டுக்கு வெளியே வர்த்தகம் செய்ய முடியாது என்ற அந்த விதி, பல தளர்வுகளுக்குப் பிறகும், இன்றுவரை அடிப்படையில் அப்படியே இருக்கிறது.

3.80 ஏழு வருடம் நின்றது. 2005 ஜூலை 21 அன்று, சீனா தன் யுவானை டாலர் பிணைப்பிலிருந்து அவிழ்த்த அதே நாளில், மலேசியாவும் அவிழ்த்தது. அந்த ஏழு வருடமும் ரிங்கிட் அசையவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். டாலருக்குத்தான் அசையவில்லை. வெள்ளி டாலருக்கு எதிராக அசைந்தபோதெல்லாம் நம் விகிதமும் 2.1, 2.2 என்று நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகான பத்து வருடங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம்: 2010இல் 2.35 அளவு, 2013 முடிவில் இரண்டரையைத் தாண்டியது. 2014இன் பின்பாதியில் கச்சா எண்ணெய் விலை விழத் தொடங்கியது. நூறு டாலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே போனது. எண்ணெய் வருமானத்தை நம்பிய நாடு, அதோடு 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் ஊழல் விவகாரத்தால் வந்த நம்பிக்கைக் குறைவு. 2015இல் வெள்ளி முதன்முதலாக மூன்று ரிங்கிட்டைத் தொட்டது. அன்று சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் காசு மாற்றும் கடைகளில் வரிசை தெருவரை நின்றது. "மூணு வந்திருச்சு, இனி மூணரைதான்" என்று எங்கள் ஆட்கள் சிலர் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். மூன்றரை வந்தது, உண்மைதான். வர எட்டு வருடத்துக்கு மேல் ஆனது.

அது வந்த விதமும் பார்க்கத் தக்கது. 2021 அக்டோபருக்கும் 2022 அக்டோபருக்கும் இடையே சிங்கப்பூர் ஐந்து முறை தன் கொள்கையை இறுக்கியது. விலைவாசியை அடக்க வெள்ளியை வேகமாக வலுக்க விட்டது. அமெரிக்கா வட்டியை 5.25–5.50 விழுக்காட்டுக்கு ஏற்றியது. பேங்க் நெகாரா 3 விழுக்காட்டில் நின்றுகொண்டது. கூடுதல் வட்டி கிடைக்கும் இடத்துக்குப் பணம் போகும். 2024 பிப்ரவரியில் டாலருக்கு 4.80 ரிங்கிட், 1998க்குப் பிறகு அவ்வளவு பலவீனமாக ரிங்கிட் இருந்ததில்லை. வெள்ளி 3.55ஐத் தொட்டது. என் மச்சான் ஒருவர் வீட்டுக்கு முன்பணம் கட்டச் சேர்த்து வைத்திருந்த வெள்ளியை "நாலு வரட்டும்" என்று பிடித்து வைத்தார். அந்தச் செப்டம்பரில் ரிங்கிட் டாலருக்கு 4.12 வரை மீண்டது, வெள்ளி 3.20க்கு வந்தது. ஏழு மாதத்தில் ஏறக்குறைய பத்து விழுக்காடு. அவர் சேமித்த வெள்ளியில் ஒரு காசுகூடக் குறையவில்லை. ஆனால் வீட்டின் விலை ரிங்கிட்டில் இருந்தது. அந்த ரிங்கிட்டில் கணக்குப் பார்த்தால் கார் வாங்கும் அளவுக்குத் துண்டு விழுந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் உறுதியாகவே பேசுவேன். நாள் குறித்துக் கட்ட வேண்டிய செலவு ரிங்கிட்டில் இருந்தால், அதற்கான பணத்தை வெள்ளியாக வைத்துக்கொண்டு உச்சிக்காகக் காத்திருப்பது சேமிப்பு ஆகாது. சூதாட்டத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. ஆறு மாதத்தில் கட்ட வேண்டியதை ஆறு பங்காகப் பிரித்து மாதம் ஒரு பங்கு மாற்றுங்கள். சராசரி விலை கிடைக்கும். ராத்திரி தூக்கமும் கிடைக்கும். பிள்ளையின் படிப்புக்கு ஐந்து வருடம் கழித்துத் தேவைப்படுகிற பணமென்றால் அவசரமே இல்லை. அதை வெள்ளியாகவே வைத்திருக்கலாம்.

கடை முகப்பில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வரலாற்றை அலசுகிற பலர் கண்முன்னே போகிற காசைக் கவனிப்பதில்லை. பலகையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அவர்கள் வாங்கும் விலை, இன்னொன்று விற்கும் விலை. நாம் வெள்ளியைக் கொடுத்து ரிங்கிட் வாங்குகிறோம் என்றால் நமக்குரிய எண் எது என்று முதலில் தெளிவாக வேண்டும். தொலைபேசியில் சந்தையின் நடு விலையைப் பார்த்துவிட்டுப் போங்கள். அது 3.20 என்று வைத்துக்கொள்வோம். கடையில் 3.185 என்றால் இரண்டாயிரம் வெள்ளிக்கு வித்தியாசம் 30 ரிங்கிட். 3.15 என்றால் 100 ரிங்கிட். பக்கத்து பக்கத்துக் கடைகளிலேயே இந்த வித்தியாசம் இருக்கும்.

நான் வழக்கமாகப் போகும் கடையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"பாய், ரெண்டாயிரம் இருக்கு. கொஞ்சம் ஏத்திப் போடுங்க."

"சனிக்கிழமை வந்து கேக்குறீங்களே தம்பி. மார்க்கெட் மூடியாச்சு. திங்கக்கிழமை என்ன விலையில தொறக்கும்னு எனக்கே தெரியாதே."

"சரி, ஒரு பாயின்ட்டாவது போடுங்க."

கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டுவார். அவர் சொன்னது உண்மையான காரணம். வார இறுதியில் வங்கிகளுக்கு இடையிலான சந்தை மூடியிருக்கும். திங்களன்று விலை தனக்கு எதிராகத் திறந்தால் நட்டம் வராமலிருக்கக் கடைக்காரர் இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக வைப்பார். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் ரிங்கிட் நோட்டுக்குக் கிராக்கி, அப்போதும் அப்படித்தான். முடிந்தவரை வேலை நாளில், வேலை நேரத்தில் மாற்றுங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். முகப்பை விட்டு நகரும் முன்பு எண்ணுங்கள். சிங்கப்பூரைவிட்டு வெளியேறும்போதும் நுழையும்போதும் இருபதாயிரம் வெள்ளிக்கு மேல் ரொக்கம் இருந்தால் அறிவித்தாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சிறு தொகைக்கு இப்போது கடைக்குப் போக வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. 2023 நவம்பரில், தொலைபேசி வழியே பணம் அனுப்பும் வசதிகளான சிங்கப்பூரின் பேநவ்வையும் மலேசியாவின் டூயிட்நவ்வையும் இணைத்தார்கள். தொலைபேசி எண்ணை வைத்தே நொடியில் அனுப்பலாம், நாளொன்றுக்கு ஒரு வரம்புக்குள். அனுப்பும் முன்பு திரையில் காட்டும் விகிதத்தை நடு விலையோடு ஒப்பிடுங்கள். "கட்டணம் இல்லை" என்று போட்டிருப்பதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது; கட்டணம் விகிதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். சிங்கப்பூர் கடன் அட்டையை ஜொகூர் பாரு கடையில் தேய்த்தால் பல வங்கிகளில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் சேர்ந்துவிடும். கருவி "சிங்கப்பூர் வெள்ளியிலேயே கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ரிங்கிட்டைத் தேர்ந்தெடுங்கள், அந்த வசதிக்கு அவர்கள் போடும் விகிதம் பெரும்பாலும் இன்னும் மோசமாக இருக்கும்.

வீட்டுக் கடன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரலாறு ஒரு மயக்கத்தையும் தரும். மாதத் தவணை 1,800 ரிங்கிட் என்றால், விகிதம் 2.50ஆக இருந்தபோது 720 வெள்ளி, 3.20இல் 563 வெள்ளிகூட ஆகாது. கடன் தானாகவே இளைத்துக்கொண்டு வருவது போலத் தோன்றும். அந்த நம்பிக்கையில் பெரிய வீடாக எடுத்தவர்கள் 2020 மார்ச் 18ஐ மறக்க மாட்டார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, எல்லை மூடியது. தினமும் லட்சக்கணக்கானவர்கள் கடந்த பாலம் வெறிச்சோடியது. அந்தப் பக்கம் தங்கியவர்கள் பிள்ளை முகம் பார்க்காமல் மாதக்கணக்கில் கிடந்தார்கள். இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களில் பலருக்கு வேலையே போய்விட்டது. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்றுதான். வெள்ளிச் சம்பளமே நின்றுபோனவருக்கு விகிதம் மூன்றாக இருந்தால் என்ன, நாலாக இருந்தால் என்ன? ஆகையால் நான் வீட்டுக் கணக்கை எப்போதும் சந்தை விலையைவிடக் குறைத்தே போடுகிறேன், இப்போது 2.80 என்று வைத்துக்கொள்கிறேன். அதில் தவணை கட்ட முடிந்தால்தான் அந்த வீடு. அதோடு ஆறு மாதத் தவணையை ரிங்கிட்டிலேயே தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஓய்வுக்காலப் பணம். வேலை அனுமதியில் இருக்கும் மலேசியருக்குச் சிங்கப்பூரின் மத்திய சேமநிதி கிடையாது. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். மலேசிய முதலாளி இல்லாததால் இங்கே ஊழியர் சேமநிதியும் தானாக ஏறாது. நாமாக விரும்பிக் கட்டினால்தான் உண்டு. வருடத்துக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை கட்டலாம். "விழுந்துகொண்டே போகும் ரிங்கிட்டில் ஏன் பணத்தைப் போட வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

2005 முடிவில் ஆயிரம் வெள்ளியை மாற்றியிருந்தால் 2,270 ரிங்கிட் அளவு கிடைத்திருக்கும். ஊழியர் சேமநிதியில் போட்டு, ஒவ்வொரு வருட ஈவையும் சேர்த்துக்கொண்டே வந்தால் 2024 முடிவில் 6,600 ரிங்கிட்டுக்கு மேல். அன்றைய விகிதம் 3.28இல் திரும்ப மாற்றினால் இரண்டாயிரம் வெள்ளிக்குச் சற்று மேல் வரும். அதே ஆயிரத்தை வெள்ளியாகவே இரண்டரை விழுக்காடு வட்டியில் வைத்திருந்தால் 1,600 வெள்ளிதான். ரிங்கிட் இவ்வளவு இறங்கிய பிறகும் சேமநிதி முந்தியிருக்கிறது. ஆனால் அதே ரிங்கிட்டை மூன்று விழுக்காடு தரும் சாதாரண வைப்புத்தொகையில் போட்டிருந்தால், திரும்ப மாற்றும்போது 1,200 வெள்ளியை ஒட்டித்தான் வந்திருக்கும். 1973இலிருந்து இன்றுவரை ரிங்கிட் வெள்ளிக்கு எதிராகச் சராசரியாக வருடத்துக்கு இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேலாக இறங்கியிருக்கிறது. ரிங்கிட் சேமிப்புத் திட்டம் எதையும் யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், அதன் வட்டியிலிருந்து அந்த இரண்டேகாலைக் கழித்துவிட்டு, மீதியை வெள்ளி வட்டியோடு ஒப்பிடுங்கள். நீங்கள் ஊரிலேயே ஓய்வுபெற்று ரிங்கிட்டிலேயே செலவழிக்கப் போகிறவர் என்றால் கழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. என் ஓய்வுக்காலம் கூலாயில்தான். அதனால் சேமிப்பில் பெரும்பங்கை சேமநிதியில் போட்டுவிட்டு, மகள் சிங்கப்பூரில் மேலே படிக்க விரும்பினால் தேவைப்படும் தொகையை மட்டும் வெள்ளியாக வைத்திருக்கிறேன்.